கொடிமலை ஜீப்பும் நாலு பிரேக் பேடும்

பேர் அர்ஜுனன், பிழைப்பு சாரதி. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் சுங்கை பினாங்கில் கிடையாது. "தேர் ஓட்டுறவனுக்குக் கிருஷ்ணன்னுல பேரு வைக்கணும், ஒங்கப்பாரு மாத்தி வச்சுட்டாரு லா" என்று டீக்கடையில் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். பெண்டாட்டி பேர் ருக்குமணி வேறு. கேலிக்குக் கேட்பானேன்! அர்ஜுனன் கோபித்துக்கொள்ள மாட்டான். டம்ளரை வைத்துவிட்டு, "கிருஷ்ணன் ஓட்டுனது சமதரையில. கொடிமலையில ஓட்டச் சொல்லு பாப்போம்" என்பான். வாய்கள் அடங்கிவிடும்.

அடங்காமல் என்ன செய்யும்? கொடிமலை ஜீப் பாதை அப்படிப்பட்டது. ஆட்களுக்கு ரயில் இருக்கிறது. சாய்ந்த மாதிரியே ஏறி, சாய்ந்த மாதிரியே இறங்கும். ஆனால் சமையல் கேஸ் அடைத்த தோம்பு, சிமெண்டு, அரிசி மூட்டை எல்லாம் மேலே போக வேண்டுமே. அதற்கு, தண்ணீர்மலைப் பக்கம் பூந்தோட்டத்து வாசலில் தொடங்கும் பாதை ஒன்றுதான் வழி. மலை உச்சியில் நின்று துப்பினால் கீழே பட்டணத்தில் குடை விரிப்பார்கள், அத்தனை செங்குத்து. ஒரு பக்கம் மண்சுவர், மறு பக்கம் பாதாளம். திரும்புகிற இடத்திலெல்லாம் குரங்குகள் உட்கார்ந்து, இன்றைக்கு யார் விழப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அவன் அப்பன் காலத்தில் ரயிலும் இல்லை, ஜீப்பும் இல்லை. வெள்ளைக்காரரை நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். அப்பன் ஒரு தடவை தனியாளாக ஒரு துரைசாணியையும் அவள் பியானோவையும் சேர்த்துத் தூக்கியதாக ஒரு பேச்சு உண்டு. பியானோவை விட்டுவிட்டாலும், அவர் தோளில் விழுந்த பள்ளத்தை யாரும் மறுக்க முடியாது. மழை பெய்தால் அதில் குருவி வந்து தண்ணீர் குடிக்கும். அந்தத் தோளைப் பார்த்துத்தான் அர்ஜுனன், சுமப்பதென்றால் சக்கரத்தின் மேல் சுமப்பது என்று சின்னப் பிள்ளையிலேயே முடிவு கட்டினான். இருபத்தாறாவது வயதில் பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட பழைய ஜீப் ஒன்றை எடுத்தான். நாற்பத்தாறாவது வயதிலும் அதையேதான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். ஏறுவதில் அந்த ஜீப் ஆட்டுக்கடா. இறங்குவதில்தான் வில்லங்கம். நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். மழை நாளில் டிரம்முக்குள் தண்ணீர் போய்விட்டால் மிதித்தும் பயனில்லை. வெயில் நாளில் சூடேறினால் பிடி விட்டுப்போகும். மூங்கில் புதரருகே மிதித்தால் ஆலமரத்தடியில் நிற்கும். இடையில் ஒரு குரங்கு குட்டி போட்டு அதற்குப் பேர் வைத்துவிடலாம். மூட்டை ஏற்றி இறக்கக் கூட வருகிறவன் வேலு, ருக்குமணியின் தம்பி. முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, வாய் மட்டும் காதளவு. மேலே புறப்படும்போதே, "மச்சான், பிரேக்க இப்பவே மிதிச்சு வையி. சாயங்காலம் நிக்கணும்ல" என்பான்.

ஆகஸ்டு மாதத்து மழையில் ஒரு நாள் அந்த விளையாட்டு வினையானது. கீழ் வாசலில் நிற்க வேண்டிய ஜீப் நிற்காமல், தடுப்புக் கம்பை முறித்துக்கொண்டு, பாதையைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியின் சைக்கிள் மேல் ஏறி நின்றது. நல்லவேளை, அதிகாரி சைக்கிளில் இல்லை. பத்து நாளில் கடிதம் வந்தது. ஆபீசு கவுண்டரில் இருந்த ரோஹானா அதை மலாயில் படித்துக் காட்டினாள். இரண்டு மாதத்துக்குள் பிரேக்கை மாற்றிச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் மலைப் பாஸ் ரத்து. படித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, அண்ணன் முறை வைத்து, "மாற்றிவிடுங்கள், அபாங். இந்தத் தடவை அதிகாரி துவான் விட மாட்டார்" என்றாள்.

அந்தப் பாஸ் ஒரு உள்ளங்கை அகலக் காகிதம். ஆனால் அர்ஜுனனை அர்ஜுனனாக வைத்திருந்தது அதுதான். தரையில் லாரி ஓட்ட ஆயிரம் பேர் இருந்தார்கள். கொடிமலையில் ஓட்ட நாலே பேர்.

டத்தோ கெராமாட் சாலையில் ஷேக் அலாவுதீன் பட்டறை. பாய் ஜீப்புக்கு அடியில் படுத்து, பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அர்ஜுனண்ணே, இந்த டிரம்ம எத்தன தடவ சரி பண்ணாலும் இவ்ளோதான். பானைக்குள்ள கைய வுட்டு அமுக்குற மாதிரி. இப்ப வர்ற வண்டியில டிஸ்க் இருக்குது பாருங்க, தோசைய இடுக்கியால ரெண்டு பக்கமும் புடிக்கிற மாதிரி. வெளிக்காத்து படும், சூடு ஆறும், தண்ணி நிக்காது. முன்சக்கரம் ரெண்டுக்கும் அதப் போட்டுருவோம். மிதிக்கிறதுக்கு ஒரு பூஸ்டரும் வச்சா, ஒங்க வேலுவே ஒத்த வெரலால நிப்பாட்டலாம்."

"இந்தக் கெழட்டு ஜீப்புல உக்காருமா பாய்?"

"உக்கார வைக்கிறேன். அதுக்குத்தான நான் இருக்கேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தார்கள். கடைசியில் தீவை விட்டுப் படகேறி அக்கரை போய், புக்கிட் தெங்காவில் உடைந்த வண்டிகள் மலையாய்க் கிடந்த ஒரு கொல்லையில், அடிபட்ட புதிய ஜீப் ஒன்று அகப்பட்டது. பின்பக்கம் அப்பளம், முன்பக்கம் மாப்பிள்ளைக் கோலம். டிஸ்க் இரண்டும், அவற்றைக் கவ்வும் இடுக்கிகளும், பூஸ்டரும் கழற்றிக்கொண்டார்கள். அந்தத் தகட்டை இரண்டு பக்கமும் அழுத்துகிற பேடுகள் மட்டும் பழசு உதவாது என்று பாய் பிடிவாதமாகச் சொல்லி, பட்டணத்துக் கடையில் புதிதாக நாலு வாங்கினார். உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு. அதன் மேல் சிலேட்டுப் பலகை நிறத்தில் சொரசொரவென்று ஒரு கட்டி. அதுதான் பிடிக்கிற இடம். திரும்பி வரும் படகில் அர்ஜுனன் டிஸ்க் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, சீர்த்தட்டோடு போகிற சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பட்டறையில் ஒரு பஸ் குடல் சரிந்து கிடந்தது. "அத முடிச்சு அனுப்பணும். சரஸ்வதி பூசை, விஜயதசமி எல்லாம் முடிச்சுட்டு வாங்க. சாமான் ஒங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றார் பாய்.

அங்கேதான் விதி காலை நீட்டி உட்கார்ந்தது.

ருக்குமணிக்கு ஆயுத பூசை என்றால் அது தீபாவளியைவிடப் பெரிசு. ஸ்பானர், ஜாக்கி, டயர் நெம்புகிற கம்பி, சுத்தியல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் தொட்ட துணியால் மூன்று தரம் உருவுவாள். எண்ணெய் படாத இரும்பு தாயில்லாத பிள்ளை என்பது அவள் கட்சி. பிறகு சந்தனம், குங்குமம், பூ. படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினால், துருப்பிடித்த நட்டுகூடக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும். விடியும்வரை யாரும் தொடக்கூடாது.

அன்றைக்கு அர்ஜுனன் வீட்டில் இல்லை. மலைமேல் கோயில் பூசைக்குப் பொரியும் கரும்பும் வாழைக்கன்றும் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். பழைய பிரேக்கில் கடைசி நடை. அவன் திரும்பி வந்து குளித்துவிட்டு நின்றபோது, எல்லா ஆயுதங்களுக்கும் நடுவில், தாம்பாளத்தில், டிஸ்க் இரண்டும் நிலாமாதிரி மின்னிக்கொண்டிருந்தன. நாலு பேடுகளும் நாலு பொட்டோடு அவற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தன.

"எப்புடிங்க இருக்கு?" என்றாள் ருக்குமணி.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கு" என்றான். அவளுக்கு வெட்கமும் சிரிப்பும்.

வாங்கும்போது சிலேட்டு நிறமாக இருந்த பேடு இப்போது கொஞ்சம் கறுத்திருப்பது அவன் கண்ணில் பட்டது. பட்டது, மனசில் ஒட்டவில்லை. விளக்கு வெளிச்சம் என்று நினைத்தான். சூடம் காட்டினார்கள். "சாமி, என் தம்பியும் வூட்டுக்காரரும் ஏறுற மாதிரியே எறங்கணும்" என்று ருக்குமணி வாய்விட்டு வேண்டினாள். வேலுவை அவள் தாய் செத்த அன்று இடுப்பில் எடுத்தவள். அப்போது அவளுக்குப் பத்து வயது. இன்னும் இறக்கி வைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பட்டறையில் பாய் பேடுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னாண்ணே, பிரேக்குக்குப் பொட்டு வச்சிருக்கீங்க? வளைகாப்பும் போட்டாச்சா?" டிஸ்க்கைப் பெட்ரோல் விட்டுத் துடைத்தார். பேடுகளில் காய்ந்திருந்த சந்தனத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மேலே சுத்தமாகிவிட்டது. உள்ளே குடித்ததை உப்புத்தாள் எப்படிக் காட்டும்?

சோதனை, ஆபீசுக்கு முன்னாலிருந்த சமதரை ரோட்டில் நடந்தது. அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து, "நிறுத்து" என்றார். மிதித்தான். ஜீப் ஆணி அடித்த மாதிரி நின்றது. அதிகாரியின் சொங்கோக் தொப்பி மூக்குவரை இறங்கியது. மூன்று தடவை நிறுத்தினான். மூன்று தடவையும் பின்னால் இருந்த வேலு முன்னால் வந்து விழுந்தான். "மச்சான், இனிமே பல்லுக்குத்தான் பாஸ் வாங்கணும்" என்றான். ரோஹானா முத்திரை குத்திய காகிதத்தை நீட்டியபோது அர்ஜுனன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். அன்று ராத்திரி அந்தக் காகிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள் ருக்குமணி.

மறுநாள் காலை கேஸ் தோம்புகளோடு ஏறினார்கள். பிற்பகலில், சீனர் தோட்டத்து முட்டைக்கோஸ் பதினெட்டு மூட்டையும் மேலே செவ்வந்திப் பூக் கூடைகளும் ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். வேலு வழக்கம்போல மூட்டைகளின் மேல் ராஜா மாதிரி காலை நீட்டிக் கிடந்தான்.

முதல் வளைவு, வெண்ணெய். இரண்டாவது வளைவில் அர்ஜுனனுக்குப் பாட்டு வந்தது. இருபது வருஷமாக இந்த இறக்கத்தில் அவன் பாடியதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான். இரண்டாவது கியர், காலை அழுத்தி எடுத்து, அழுத்தி எடுத்து, எல்லாம் முறைப்படி. ஆறாவது வளைவு தாண்டும்போது ஒரு வாசம் வந்தது.

"மச்சான், எந்தப் பங்களாவுலயோ தோசை ஊத்துறாங்க. நல்லெண்ணெ வாசம். பசிக்குது லா" என்று மேலிருந்து கத்தினான் வேலு.

அர்ஜுனனுக்கும் வாயில் எச்சில் ஊறியது. அந்தப் பக்கம் பங்களா எதுவும் இல்லை என்பது அடுத்த நொடிதான் உறைத்தது. மிதித்தான். மிதி கல்லு மாதிரி கெட்டியாக இருந்தது. கீழே போகவில்லை, உடையவில்லை, ஒழுகவில்லை. ஜீப் மட்டும் நிற்கவில்லை. இரண்டு காலாலும் ஏறி மிதித்தான். கைப்பிரேக்கை இழுத்தான். முதல் கியருக்குத் தள்ளினான். எஞ்சின் பன்றி மாதிரி அலறியது. சரக்குப் பாரம் பின்னாலிருந்து தள்ளியது. இடப்பக்கம் பாதாளம், அதன் அடியில் மர உச்சிகள். வலப்பக்கம் மண்சுவர், சாக்கடை, கல் கட்டு. அவன் மனசு எதையும் யோசிக்கவில்லை, கைதான் யோசித்தது. ஸ்டியரிங்கை மண்சுவருக்குத் திருப்பியது.

சத்தம் அடங்கியபோது ரோடெல்லாம் முட்டைக்கோஸ் உருண்டுகொண்டிருந்தது. குரங்குகள் இறங்கி வந்து ஆளுக்கு ஒன்றாய் எடுத்துக்கொண்டு போயின. செவ்வந்திப் பூ வேலுவின் மேல் கொட்டிக் கிடந்தது. ஜீப்புக்கும் கல் கட்டுக்கும் நடுவில் அவன் வலது கால் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பாய் வைத்த பிரேக் என்றது. பழைய ஜீப்புக்குப் புது பிரேக் ஒட்டுப்போட்டதால் வந்த கேடு என்றது. ஒரு வாரத்தில் பட்டறையில் ஈ ஓட்டுகிற நிலைமை. எட்டாம் நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு ஷேக் அலாவுதீன் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"மோந்து பாருங்கண்ணே" என்றார்.

பேடு நாலும் கரிந்து, ஓரத்தில் பிசுபிசுவென்று பளபளத்தன. அர்ஜுனன் மூக்கருகே கொண்டுபோனான். வாசம் வந்தது. அந்த நொடியில் அவனுக்குத் தாம்பாளம் தெரிந்தது, நாலு பொட்டும் கறுத்த நிறமும் தெரிந்தன.

"ஒடைச்சுப் பாத்தேன், உள்ளாற வரைக்கும் ஊறியிருக்கு" என்றார் பாய். "தரையில நிக்கும். எறக்கத்துல சூடு ஏறுனா உள்ள இருக்குறது வெளிய வந்துரும். அப்புறம் எண்ணெச் சட்டிய இடுக்கியால புடிச்ச கததான். நான் கேட்டுருக்கணும். எண்ணெ போட்டீங்களான்னு ஒரு வார்த்த கேட்டுருக்கணும். கேக்காமப் போயிட்டேன்." பொட்டலத்தை அவன் கையிலேயே விட்டுவிட்டு, "நாளைக்கி ஆபீசுல விசாரண. சொல்லிருவோம்ணே. தெரியாமச் செஞ்சதுதான. தங்கச்சிய யாரு என்ன சொல்லிருவாங்க?" என்றார்.

அர்ஜுனன் வார்டுக் கதவு வழியாகப் பார்த்தான். ருக்குமணி தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். போர்வை ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக அவள் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவளே சொல்லிக்கொள்வாள். அந்தச் சொல்லோடு அவள் எத்தனை நாள் உயிரோடு இருப்பாள் என்று அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கணக்கு தீபாவளிவரைகூட வரவில்லை.

"பாய், ஒங்க பேரு கெடாது. நான் பாத்துக்குறேன்" என்றான்.

மறுநாள் அதிகாரி முன்னால் நின்று, "பிரேக் நல்ல பிரேக், துவான். நான்தான் பெட்ரோல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் கியரைக் கழற்றி ஃப்ரீ கியரில் உருள விட்டேன்" என்று மலாயில் சொன்னான். மலையோட்டிகளுக்குள் அதைவிடக் கேவலமான பாவம் கிடையாது. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். கவுண்டருக்குப் பின்னால் ரோஹானா தலையைக் குனிந்துகொண்டாள். பாஸைக் குறுக்காகக் கிழித்தார்கள். இருபது வருஷம் கிழிய ஒரு நொடி ஆயிற்று. பாயின் பட்டறைக்கு ஆட்கள் திரும்ப வந்தார்கள். அதன் பிறகு பாய் எதிரே அர்ஜுனன் வந்தால் வேறு தெருவுக்குத் திரும்பிவிடுவார். கோபமில்லை, முகம் பார்க்க முடியவில்லை.

செய்தி ருக்குமணி காதுக்கு எட்டியது. அவள் அழவில்லை, கத்தவில்லை.

"ஒரு கேலன் பெட்ரோலுக்கா? என் தம்பி காலு ஒரு கேலன் பெட்ரோலுக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு "என்னங்க" என்ற வார்த்தை அந்த வீட்டில் செத்துப்போனது. "சோறு இருக்கு" என்பாள், சுவரைப் பார்த்து. "தண்ணி சுட்டாச்சு" என்பாள், கதவைப் பார்த்து. அந்த வருஷத் தீபாவளிக்கு யாரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. அடுத்தடுத்த மாதங்களில் வேலுவுக்குக் கட்டைக்கால் பொருத்தினார்கள். காதளவு வாய் சுருங்கிவிட்டது. மச்சானிடம் அவன் பேசுவதை நிறுத்தவில்லை. அதுதான் அர்ஜுனனுக்குப் பொறுக்கவில்லை. "போனது போச்சு மச்சான், விடுங்க" என்று மரியாதையாகச் சொல்வான். முன்பெல்லாம் அவன் மரியாதை கொடுத்ததே இல்லை.

ஜீப் பழைய இரும்புக்குப் போயிற்று. அர்ஜுனன் பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவற்காரனாகச் சேர்ந்தான். பஸ்ஸில் போனான், பஸ்ஸில் வந்தான். டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அவன் வலது கால் தானாக அழுந்தும். கொடிமலை பக்கம் தலை திருப்புவதில்லை. ஆனால் பினாங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது கண்ணில் படும். பாவி மலை, தீவைவிடப் பெரிசாக வளர்ந்துவிட்டதோ என்று தோன்றும்.

அந்த நாலு பேடுகளை அவன் கடலில் எறிந்திருக்க வேண்டும். எறிய இரண்டு தடவை கடற்கரைக்குப் போனான். இரண்டு தடவையும் கொண்டுபோன மாதிரியே கொண்டுவந்தான். தான் ஃப்ரீ கியரில் விடவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த சாட்சி அவை மட்டும்தான். பால்மாவு டின்னில் போட்டு, ஸ்பானர் பெட்டிக்கு அடியில் வைத்தான்.

வருஷம் திரும்பியது. ஆயுத பூசை வந்தது. அர்ஜுனன் வேலை முடிந்து வந்து, காலைக் கழுவிக்கொண்டு வாசற்படி ஏறினான். படத்துக்கு முன்னால் அவன் டார்ச் லைட்டும் விசிலும் இருந்தன. பக்கத்தில் பழைய ஸ்பானர்கள். வேலு கட்டைக்காலைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ருக்குமணி மடியில் பால்மாவு டின் திறந்து கிடந்தது. கையில் நல்லெண்ணெய்த் துணி.

"அதெல்லாம் எதுக்குக்கா? தூக்கிப் போடு" என்றான் வேலு.

"அது என்னடா பாவம் பண்ணுச்சு? நல்ல பிரேக்குன்னு ஆபீசர்கிட்டயே சொன்னாங்கல்ல. கியருல ஓட்ட வேண்டியவன் ஓட்டல. சாமான் மேல எதுக்குப் பழி?" என்று சொல்லிக்கொண்டே, கரிந்த பேட்டின் மேல் துணியை உருவினாள். "போன வருஷமும் இப்புடித்தான். மூணு கரண்டி ஊத்துனேன், மூணையும் குடிச்சிருச்சு. அப்புடி ஒரு தாகம்."

அர்ஜுனன் வாசற்படியிலேயே நின்றான். வேலு அக்காவைப் பார்த்தான். பிறகு பேட்டைப் பார்த்தான். பிறகு, தோசை வாசத்தைத் தேடுகிறவன் மாதிரி, மெதுவாக மூக்கை உயர்த்தினான். அவன் கண் அர்ஜுனன் பக்கம் திரும்பியது. அர்ஜுனன் தலையை லேசாக ஆட்டினான்: வேண்டாம்.

வேலு வாயை மூடிக்கொண்டான். முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. தோள் மட்டும் குலுங்கியது.

ருக்குமணி இதொன்றையும் பார்க்கவில்லை. நாலு பேடுகளுக்கும் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள், வரிசையாக அடுக்கினாள். சூடம் கொளுத்தித் தட்டைச் சுவரைப் பார்த்து நீட்டினாள். வாசற்படியிலிருந்து சுவர் பக்கம் வந்து நின்ற அர்ஜுனன் இரண்டு கையாலும் அதை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டான். கையெல்லாம் நல்லெண்ணெய் வாசம்.